பாண்டிக்கு வலிப்பு வந்தால்

எங்கள் நாய் பாண்டிக்கு முதல் வலிப்பு வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. விடியற்காலை நான்கு மணி. நான்கு கால்களும் இழுத்து இழுத்து அடிக்கின்றன, வாயெல்லாம் நுரை. அம்மா ஓடிப்போய் பீரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவன் பாதத்தில் அழுத்தினாள். இரும்பு பட்டால் நின்றுவிடுமாம். நான் அதைவிட மோசம்: நாக்கை விழுங்கிவிடுவானோ என்று வாய்க்குள் விரலை விட்டேன். கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. நாய் நாக்கை விழுங்காது. வாய்ப்பக்கம் கையே போகக்கூடாது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அரைமணி நேரம் போலத் தோன்றும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடியும் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதற்குக் கைவைத்தியம் கிடையாது. மற்றபடி, இடித்துக்கொள்ளும் சாமான்களை நகர்த்தி, விளக்கையும் டிவியையும் அணைத்துவிட்டு, ஃபேனை ஓடவிடுங்கள். நீண்ட வலிப்பில் உடம்பு கொதிக்கும்; ஈரத்துணியால் பாதத்தையும் அடிவயிற்றையும் துடைக்கலாம். யாராவது ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். நாம் வாயால் விவரிப்பதைவிட டாக்டருக்கு அதுதான் உதவும்.

நின்றபிறகு கண் தெரியாதவன்போல் சுவரில் மோதுவான். என்னையே அடையாளம் தெரியாமல் உறுமியிருக்கிறான். கட்டிப்பிடித்துக் கொஞ்சாதீர்கள், தள்ளி உட்கார்ந்து பெயர் சொல்லிப் பேசினால் போதும். நன்றாகத் தெளிந்து நின்ற பிறகே தண்ணீர்.

சரி, மாத்திரை இல்லாமல் முடியுமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறைகூட வராத நாய்க்கு டாக்டரே "இப்போதைக்கு வேண்டாம்" என்பதுண்டு. பாண்டிக்கு மாதம் இருமுறை வந்தது. ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மாத்திரையை ஆரம்பித்ததும் ஓயாத பசி, பின்னங்காலில் தள்ளாட்டம். பார்க்கச் சகிக்கவில்லை. நான்காம் மாதம், யாரோ சொன்ன பச்சிலைச் சாற்றை நம்பி நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் ராத்திரி அடுத்தடுத்து மூன்று வலிப்பு. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே வலிப்பை இழுத்துவரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதனால் கீழே சொல்வதெல்லாம் மாத்திரையோடு சேர்த்துச் செய்பவை.

உணவில் எனக்கு நம்பிக்கை தந்தது எம்சிடி எண்ணெய்; தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து சில கொழுப்புகளை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது. லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ் ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே இந்த எண்ணெய் கலந்த உணவைத் தின்ற 21 நாய்களில் மூன்றுக்கு வலிப்பு நின்றது, இன்னும் ஏழுக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. ஆறுக்கு ஒரு பலனும் இல்லை. செக்குத் தேங்காய் எண்ணெயே போதாதா என்று அம்மா கேட்டாள். போதாது. அதில் பாதி லாரிக் அமிலம். இங்கே வேலை செய்யும் கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் கொஞ்சம்தான். டாக்டரிடம் அளவு கேட்டு, சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் வயிற்றுப்போக்கு. கணையத்தில் கோளாறு உள்ள நாய்க்கு வேண்டவே வேண்டாம்.

பொட்டாசியம் புரோமைடு என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சாப்பிடும் நாய்க்கு உப்பு அளவு ஏறி இறங்கக்கூடாது. உப்பு கூடினால் மருந்து சிறுநீரில் வேகமாக வெளியேறிவிடும். பக்கத்து வீட்டு அக்கா பாசமாகப் போடும் கருவாட்டுத் தலைக்கு நான் தடை போட்டது அதனால்தான். அவருக்கு இன்னும் கோபம்.

எல்லாவற்றையும்விட உதவியது பத்து ரூபாய்க்கு வாங்கிய ஒரு குறிப்பு நோட்டுப்புத்தகம்தான். தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தின நாள் என்ன நடந்தது. இரண்டு தீபாவளிக்கும் மறுநாள் வலிப்பு என்று அதைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. இப்போது தீபாவளியன்றும் மறுநாளும் ஜன்னலைச் சாத்தி, ஃபேன் சத்தத்தில் உள்ளறையில் அவனோடு படுத்துக்கொள்கிறேன். சாப்பாடும் மாத்திரையும் தினமும் அதே மணிக்கு. உண்ணி மாத்திரைகளில் சில வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரித்தது. வாங்குமுன் வலிப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். நீலகிரித் தைலமும் கற்பூரமும் உள்ளே போனாலும் ஆபத்து. சாமி மாடத்துக் கற்பூர டப்பா இப்போது பரணில் இருக்கிறது.