வகுப்பறைக்கான நிதி எந்த மேசையில் நிற்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஐந்தாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் முதுகோடு முதுகு காட்டி அமர்ந்திருக்கும் பள்ளிக்குக் கூடுதல் கட்டடம் அறிவிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியும் வானம் தோண்டப்படவில்லை என்றால், பெற்றோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம். ஒன்றிய அரசு நிதியை நிறுத்தி வைத்துள்ளது என்பது ஒன்று. மாநில அரசு பணத்தை வேறு வகையில் செலவிட்டுவிட்டது என்பது மற்றொன்று. இரண்டையும் மேடையில் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் குழந்தைகள் அதே தாழ்வாரத்தில்தான் அடுத்த ஆண்டும் படிப்பார்கள். உங்கள் பள்ளியின் கோப்பு இன்று எந்த அலுவலகத்தில், எந்தக் காரணத்தால் நிற்கிறது என்பதை எழுத்தில் பெறுவதே குழுவின் முதல் வேலை.

நிதித் தகராறு உண்மையானதுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டிற்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட 3,586 கோடி ரூபாயில் ஒன்றியத்தின் பங்கான 2,152 கோடி ரூபாய், ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் அந்த ஆண்டில் விடுவிக்கப்படவில்லை. அந்த ஒப்பந்தம் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கச் செய்கிறது என்பது மாநிலத்தின் வாதம். 2025 மே மாதம் அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் பிரிவின்கீழ், வட்டியுடன் 2,291 கோடி ரூபாய் கேட்டுத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஒரு கொள்கை வேறுபாட்டிற்காகக் குழந்தைகளின் பணத்தை நிறுத்தி வைப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் உங்கள் பள்ளியின் கட்டடம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில்தான் சேர்ந்துள்ளதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கட்டடங்கள் பல, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் கடனுதவியுடன் பொதுப்பணித் துறையால் கட்டப்படுகின்றன. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் கட்டடங்கள் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் வருகின்றன. 2022இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாண்டுகளில் சுமார் 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறைகள் கட்டுவதாகச் சொன்ன மாநிலத் திட்டம். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளியாக இருந்தால், சொத்து வரியோடு வசூலிக்கப்படும் கல்வி வரியின் கணக்கைக் கேட்கலாம். எந்தத் திட்டம் என்று தெரிந்த பிறகே யாரிடம் கேட்பது என்பது தெளிவாகும்.

அடுத்தது கணக்கு. "இட நெருக்கடி" என்று மனுவில் எழுதினால் அது ஒரு குறையாக மட்டுமே பதிவாகும். சட்டம் சொல்லும் எண்ணிக்கையோடு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒவ்வோர் ஆசிரியருக்கும் குறைந்தது ஒரு வகுப்பறையும், அலுவலகமாகவும் பொருள் வைப்பறையாகவும் தலைமையாசிரியர் அறையாகவும் பயன்படும் ஓர் அறையும் இருக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 120 வரை நால்வர், 200 வரை ஐவர். ஆறு முதல் எட்டு வரை 35 குழந்தைகளுக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர். ஆக, தொடக்க வகுப்புகளில் 140 பேரும் நடுநிலை வகுப்புகளில் 175 பேரும் படிக்கும் பள்ளிக்குக் குறைந்தது பத்து வகுப்பறைகள் வேண்டும். இருப்பவை ஆறு என்றால் பற்றாக்குறை நான்கு. பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் யூடைஸ் படிவத்தில் தலைமையாசிரியர் பதிந்துள்ள எண்ணிக்கையும் நீங்கள் நேரில் எண்ணியதும் ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடித்த அறைகள் பதிவேட்டில் இன்னும் இருப்பதாகவே காட்டப்பட்டால், உங்கள் பள்ளிக்குப் பற்றாக்குறையே இல்லை என்றுதான் மேலிடத்தில் தெரியும். எட்டாம் வகுப்பிற்கு மேல் இந்தச் சட்டம் செல்லாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக நிறைவேற்றி, பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சட்டத்தின் 22ஆம் பிரிவு, குழு வகுக்கும் அந்தத் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது. கிராமப்புறப் பள்ளியாக இருந்தால் அதே கோரிக்கையைக் கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்டம் நடைபெறும். தீர்மான நகலில் எண்ணும் தேதியும் இருக்கட்டும்.

இனி, கோப்பு செல்லும் வழி. பள்ளி தேவைப் பட்டியலில் சேர வேண்டும். பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டும். நிர்வாக அனுமதி அரசாணையாகவோ ஆட்சியரின் ஆணையாகவோ வர வேண்டும். பிறகு தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. அறிவிப்பு, ஒதுக்கீடு, விடுவிப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை மறக்க வேண்டாம். "நிதி வந்துவிட்டது" என்று மேடையில் சொல்லப்படுவது பல நேரங்களில் முதல் படியாகவே இருக்கும். நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவில், நிதி இல்லாததால்தான் தாமதம் என்று ஓராண்டு முழுவதும் நம்பிக் கொண்டிருந்தோம். பள்ளி நிலம் வருவாய்ப் பதிவேட்டில் வேறு வகைப்பாட்டில் இருந்ததால் கோப்பு திரும்பி வந்திருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தாலே நகர்ந்திருக்கும் வேலை அது. இன்னொரு தடை, தாமதத்திலிருந்தே பிறப்பது. பழைய விலைப் பட்டியலில் போட்ட மதிப்பீட்டுக்கு ஒப்பந்ததாரர் எவரும் முன்வராதபோது திருத்திய மதிப்பீடு தேவைப்படும். அதற்கு மீண்டும் அனுமதி பெற வேண்டும்.

இவற்றைத் தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டம் போதும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கும் தனியே எழுதுங்கள். தவறான அலுவலகத்திற்குச் சென்றாலும், உரிய அலுவலகத்திற்கு ஐந்து நாள்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் கருத்தைத்தான் பதிலாகத் தர முடியும் என்று சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். நிர்வாக அனுமதி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், நிதி விடுவிக்கப்பட்ட தேதியும் தொகையும், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், கோப்பு தற்போதுள்ள அலுவலரின் பதவிப் பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கையில் ஆவணம் வந்த பிறகே அரசியல்வாதிகளிடம் செல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் என எல்லோருக்கும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில் மனுக் கொடுப்பது குழுவைக் காக்கும். ஒரு கட்சியின் ஆர்ப்பாட்டத்தில் பள்ளிப் பெயர்ப் பலகையோடு நின்றுவிட்டால், மறுதரப்புக்கு உங்கள் கோரிக்கை எதிர்க் கோரிக்கையாகிவிடும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய். இரண்டு வகுப்பறைகளுக்கு அதிலிருந்து கேட்பது தவறில்லை. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைத் திரட்ட வேண்டியிருக்கும். முன்னாள் மாணவர்களும் உள்ளூர்த் தொழில் நிறுவனங்களும் தரட்டும், கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரிடம் வசூலிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தேர்தல் நெருங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால், பணி ஆணை வழங்கப்பட்டிருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்க முடியாது. தொடங்கிய வேலை தொடரலாம். எனவே தேர்தல் அறிவிப்பிற்கு முன்பே அடித்தளப் பணியேனும் தொடங்கிவிட வேண்டும் என்று பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை மாற்று வகுப்புகள் எந்தக் கூடத்தில், எந்த மர நிழலில் நடக்கின்றன, மழை நாளில் எத்தனை வகுப்புகள் கலைகின்றன என்பதை ஒவ்வொரு மாதமும் குழுவின் கூட்டக் குறிப்பில் பதிந்து, அதன் நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பி வாருங்கள்.