ரோட்ல யாராச்சும் விழுந்தா நல்ல மனசோட நாம பண்ற தப்புங்க

போன மாசம் செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயின்ல, கூடுவாஞ்சேரி தாண்டின கொஞ்ச நேரத்துல, கதவுகிட்ட நின்னுட்டு இருந்த ஒரு காலேஜ் பையன் அப்படியே சரிஞ்சு விழுந்து கை கால் இழுக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்த செகண்டு பெட்டி முழுக்க ஒரே சத்தம், "சாவி குடுங்க, இரும்பு ஏதாச்சும் குடுங்க". நான் பாத்து ஒரு ஏழெட்டு சாவிக்கொத்து வந்துச்சு, வண்டி சாவி, வீட்டு சாவி, பீரோ சாவின்னு. ஒருத்தர் நாக்கை கடிச்சிருவான்னு வாயில கர்ச்சீப்பை திணிக்க பாக்கறாரு, ரெண்டு பேரு காலை அமுக்கி புடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. யாரும் கெட்டவங்க இல்ல, எல்லாருக்கும் அந்த பையனை காப்பாத்தணும்னுதான் பதட்டம். ஆனா அங்க நடந்ததுல பாதி அவனுக்கு ஆபத்து, மீதி சும்மா வேஸ்ட்.

முதல்ல அந்த சாவி மேட்டர். வலிப்பு மூளைல வர்ற ஒரு மின்சார குழப்பம், கைல இரும்பு இருந்தா அது நிக்கறதுக்கு வழியே இல்ல. அப்புறம் ஏன் "நான் என் கண்ணால பாத்தேன், சாவி குடுத்ததும் நின்னுருச்சு"ன்னு எல்லாரும் சத்தியம் பண்றாங்கன்னா, பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நின்னுரும், நாம பதறி பாக்கெட்டை தடவி சாவியை தேடி எடுத்து மூடின விரலை பிரிச்சு உள்ள வைக்கறதுக்கும் அதே ரெண்டு நிமிஷம் ஆகும். பேரு சாவிக்கு போயிருது. வெங்காயம், செருப்பு மோந்து பாக்க வைக்கறதும் இதே கதைதான்.

சாவியாச்சும் பரவால்ல, பெருசா கெடுதல் இல்ல. வாயில எதையாச்சும் வைக்கறதுதான் நிஜமாவே மோசம். ஸ்பூன் வச்சா பல்லு உடைஞ்சு தொண்டைக்கு போகலாம், துணி வச்சா மூச்சு அடைக்கலாம், விரலை வச்சா உங்க விரல் போச்சு. நாக்கை முழுங்கிருவாங்கன்னு சொல்றது பொய், நாக்கை யாராலயும் முழுங்க முடியாது, ஓரத்துல கடிபடலாம், அது ஆறிரும். கை காலை அமுக்கி புடிச்சாலும் வலிப்பு நிக்காது, மூட்டுதான் விலகும்.

செய்ய வேண்டியது ரொம்ப கம்மி, அதனாலதான் நமக்கு திருப்தி இல்ல போல. தலைக்கு கீழ பேகோ துண்டோ வைங்க, கண்ணாடியை கழட்டுங்க, காலர் பட்டனை தளர்த்துங்க, பக்கத்துல இடிக்கற மாதிரி இருக்கறதை நகர்த்துங்க, வாட்ச்ல டைம் பாருங்க. உதறல் அடங்கினதும் ஒருக்களிச்சு படுக்க வைங்க, எச்சில் வெளிய வழிஞ்சு போகட்டும். முழு நினைவு வர்ற வரைக்கும் தண்ணி கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாலோ, ஒண்ணு முடிஞ்சு உடனே அடுத்தது வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, கர்ப்பிணியா இருந்தாலோ, இதுதான் முதல் தடவைன்னு தெரிஞ்சாலோ 108.

அன்னிக்கு அந்த பெட்டில சரியா ஒரு வேலை பண்ணது ஒரு பூக்கார அம்மா. வலிப்பு வரும்போது சில பேருக்கு அறியாம யூரின் போயிரும், அந்த பையனுக்கும் போயிருந்துச்சு. அந்தம்மா கூடை மேல போட்டிருந்த துணியை எடுத்து அவன் இடுப்புல போட்டுட்டு, "என்னத்தடா வேடிக்கை, அந்த பக்கம் போங்க"ன்னு ஒரு அதட்டு அதட்டுனாங்க. அவன் எழுந்து அரை மயக்கத்துல முதல்ல கேட்டது, "யாராச்சும் வீடியோ எடுத்தாங்களாண்ணா?" எடுத்திருந்தாங்க. அதான் இங்க சொல்ல வேண்டிய பெரிய தப்பு, சாவியை விட. இந்து திருமண சட்டத்துலயே 1999 வரைக்கும் அடிக்கடி வலிப்பு வர்றவங்க கல்யாணத்துக்கு தகுதி இல்லாதவங்கன்னுதான் இருந்துச்சு, அப்புறம்தான் அந்த வார்த்தையை எடுத்தாங்க. சட்டத்துல போயிருச்சு, நம்ம ஊர்ல பொண்ணு பாக்க வர்ற இடத்துல போகல. அப்படி இருக்கும்போது ஒருத்தனோட முகத்தோட வீடியோ வாட்ஸப்ல சுத்துனா அவனுக்கு என்ன ஆகும்னு யோசிங்க.

மயக்கம் போட்டு விழறது வேற. பஸ்ல நின்னுட்டு வந்தவங்க வெயில்ல, பசில தலை சுத்தி விழுவாங்க, நாம உடனே தூக்கி சீட்ல நிமிர்த்தி உக்கார வைப்போம். அது தப்பு. மூளைக்கு ரத்தம் பத்தலன்னுதான் உடம்பே கீழ விழுந்திருக்கு, மறுபடி நிமிர்த்துனா திரும்ப மயக்கம்தான். படுக்க வச்சு காலை கொஞ்சம் தூக்கி வைங்க, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துல கண்ணு முழிச்சிருவாங்க. முழிக்கலன்னா 108, யோசிக்கவே வேணாம்.

ஆக்சிடென்ட்ல நாம பண்ற தப்பு ரெண்டு வகை. ஒண்ணு கிட்டயே போகாம இருக்கறது, "போலீஸ் கேஸ் ஆயிரும், கோர்ட்டுக்கு அலையணும்"னு. முன்னாடி அந்த பயத்துல அர்த்தம் இருந்துச்சு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா 2016ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு வழிமுறையை உறுதி பண்ணிருச்சு, 2019ல மோட்டார் வாகன சட்டத்துலயே 134ஏன்னு ஒரு பிரிவு சேத்துட்டாங்க. அடிபட்டவங்களை கொண்டு போய் சேக்கறவங்க பேரு, போன் நம்பர் சொல்லியே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த கூடாது, ஆஸ்பத்திரில பணம் கட்டுன்னு புடிச்சு வைக்க கூடாது. பணம்னு வரும்போது இன்னொண்ணு, தமிழ்நாட்ல 2021 டிசம்பர்ல இருந்து "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கு. இங்க ஆக்சிடென்ட் ஆனா, அவங்க எந்த ஊர்க்காரங்களா இருந்தாலும் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம், திட்டத்துல சேந்திருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும்தான். இது தெரியாம பணத்துக்கு நிக்கறாங்க பாருங்க, அதுல போற நேரம்தான் கொடுமை.

ரெண்டாவது வகை, கிட்ட போய் அவசரப்படறது. நாலு பேரு கையையும் காலையும் புடிச்சு தூக்கி ஷேர் ஆட்டோல மடக்கி போட்டு அனுப்புவோம். கழுத்து எலும்போ முதுகெலும்போ அடிபட்டிருந்தா அந்த ஒரு தூக்கல்ல காலு ரெண்டும் விளங்காம போயிரலாம். வண்டி தீப்பிடிக்குது, நடு ரோட்ல லாரி வருதுன்னா வேற வழி இல்ல, இழுத்துதான் ஆகணும். இல்லேன்னா தலை கழுத்து அசையாம பாத்துக்கிட்டு ஆம்புலன்ஸுக்கு வெயிட் பண்ணுங்க, ரத்தம் வர்ற இடத்துல சுத்தமான துணியை வச்சு அழுத்தி புடிங்க, சும்மா சும்மா எடுத்து பாக்காதீங்க. உடம்புல ஏதாச்சும் குத்தி இருந்தா புடுங்காதீங்க. ஹெல்மெட்டை இழுத்து கழட்டாதீங்க, மூச்சு விட முடியலன்னா மட்டும் ஒருத்தர் கழுத்தை தாங்கி புடிக்க இன்னொருத்தர் மெதுவா கழட்டணும். அப்புறம் அந்த தண்ணி பாட்டில். சோடா வாங்கிட்டு ஓடி வர்றவங்க எல்லாம் தங்கமானவங்கதான், ஆனா அரை நினைவுல இருக்கறவங்க வாயில ஊத்தினா அது நுரையீரலுக்கு போயிரும், ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா மயக்க மருந்து குடுக்கறதுலயும் சிக்கல்.

கடைசியா ஒண்ணு, இது நானே பண்ண தப்பு. அஞ்சாறு வருஷம் முன்னாடி ஒரு நாள் ராத்திரி பஸ் ஸ்டாண்ட்ல ஒரு பெரியவர் தள்ளாடிட்டு, சட்டையெல்லாம் வேர்வை, வாய் குழறி ஏதோ கேட்டாரு. நான் "போப்பா அந்த பக்கம், குடிச்சிட்டு வந்து"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். அவரு குடிச்சிருந்தாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு எங்க அப்பா, சுகருக்கு இன்சுலின் போட்டுட்டு சாப்பிட லேட் ஆகி, வீட்டு ஹால்லயே அதே மாதிரி தள்ளாடி அதே மாதிரி குழறினாரு. சுகர் 70க்கு கீழ இறங்குனா கை நடுங்கும், வேர்த்து கொட்டும், இன்னும் இறங்குனா பேச்சு குழறும், சில பேரு கோவப்படுவாங்க, பாக்கறவங்களுக்கு அச்சு அசல் குடிகாரன் மாதிரியே இருக்கும். முழுங்கற அளவுக்கு நினைவு இருந்தா மூணு நாலு ஸ்பூன் சர்க்கரை தண்ணில கரைச்சோ, அரை கிளாஸ் ஜூஸோ குடுத்தா கால் மணி நேரத்துல தேறிருவாங்க. சர்க்கரை போடாத டயட் ட்ரிங்க் குடுத்து பிரயோஜனம் இல்ல. நினைவு இல்லேன்னா வாயில ஒண்ணும் வேணாம், ஒருக்களிச்சு படுக்க வச்சிட்டு 108. குடிச்ச வாடை அடிச்சாலுமே சுகர் இறங்கி இருக்கலாம், குடியே சுகரை இறக்கும், அதனால மூக்கை வச்சு முடிவு பண்ணாதீங்க.

அப்பா இப்போ வெளிய போகும்போது சட்டை பாக்கெட்ல நாலு சாக்லேட்டும் ஒரு சீட்டும் வச்சுக்கறாரு. அம்மா கையெழுத்து அது. "எனக்கு சுகர் இருக்கு. நான் குடிக்கவில்லை. இனிப்பு கொடுங்கள்." கீழ என் நம்பர்.