ஆன்லைனில் பிபிஏ, பி.காம் படிக்கிறீர்களா? பலர் சறுக்குவது இந்த இடங்களில்தான்

"ஆன்லைன் டிகிரிதானே, வேலை பார்த்துக்கொண்டே சைடில் ஓட்டிவிடலாம்" என்று சொல்லிக்கொண்டு சேர்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, ராத்திரி எட்டரைக்கு வீடு, சாப்பாடு, அப்புறம் லேப்டாப். முதல் செமஸ்டரிலேயே இரண்டு பேப்பர் அரியர் விழுந்தது. பாடம் ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை, நான் போட்ட நேரக் கணக்குதான் தப்பு.

அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மாதிரி இடங்களில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். வீடியோ பார்ப்பது, புத்தகம் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் அதில் சேர்த்தி. ஆக மொத்தம் 3,600 மணி நேரம், வருடத்துக்கு 1,200, ஒரு நாளைக்கு மூன்றே கால் மணி நேரம், அதுவும் தீபாவளி பொங்கல் ஞாயிறு எதுவும் பார்க்காமல். உண்மையைச் சொன்னால் யாரும் அவ்வளவு படிப்பதில்லை. பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் வருடத்தில் பாதி பாடம் பழைய பாடம்தான், அவர் தினம் ஒன்றரை மணி நேரத்தில் சமாளித்துவிடுவார். ஆனால் சயின்ஸ் குரூப்பிலிருந்து வந்தவர் அவரைப் பார்த்து அதே அளவு போதும் என்று நினைத்தால் காஸ்ட் அக்கவுண்டிங் வரும்போது மாட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து முடித்துவிடுகிறேன் என்பதும் நடக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் இருக்கும், காதுகுத்து இருக்கும், வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று ரேஷன் கடைக்கு அனுப்புவார்கள்.

நேரம் ஒதுக்கியவர்களும் அடுத்துச் சறுக்குவது வீடியோவில்தான். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஆசிரியர் போடும் கணக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, புரிந்துவிட்டது என்று மூடிவிடுகிறார்கள். மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட் பாடங்களுக்கு இது ஓரளவு ஓடும். அக்கவுண்ட்ஸுக்கு ஓடவே ஓடாது. ஒரு இறுதிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் தொகுத்த பட்டியல் கொடுத்து, அதற்குக் கீழே சரிக்கட்டுதல்களில் 'இறுதிச் சரக்கிருப்பு ரூ. 45,000' என்று ஒரு வரி இருக்கும். இருப்பாய்வுக்கு வெளியே வருகிற எதற்கும் இரண்டு இடம் உண்டு. இது வியாபாரக் கணக்கின் வரவுப் பக்கமும் போக வேண்டும், இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கமும் போக வேண்டும். வீடியோவில் பார்க்கும்போது இது அப்பட்டமாகத் தெரியும். தனியாக வெள்ளைத் தாளில் போடும்போது முதல் இடத்தில் எழுதிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவோம், கடைசியில் இரண்டு பக்கமும் சரியாக 45,000 வித்தியாசத்தில் நிற்கும். வித்தியாசம் 90,000 என்றால் தொகையைச் சொத்துப் பக்கத்துக்குப் பதில் பொறுப்புப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டேலி ஆகாத கணக்கில் முதலில் வித்தியாசத்தைப் பார், அந்தத் தொகை கேள்வியில் எங்காவது இருக்கிறதா பார், இல்லாவிட்டால் அதில் பாதி இருக்கிறதா பார் என்பது வீடியோவில் வரவில்லை, எங்கள் ஆபீஸில் முப்பது வருடம் பேரேடு எழுதிய ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்தது. வீடியோவை நிறுத்தி, கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு, நீங்களே போட்டு முடித்துவிட்டு, அப்புறம் மீதியை ஓடவிடுங்கள். ஒரு மணி நேர வீடியோ இரண்டரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நமக்குக் கணக்கு தெரியும், அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. இருப்பாய்வு என்று படித்தது ட்ரயல் பாலன்ஸ் என்று வரும், தேய்மானம் டெப்ரிஸியேஷன் என்று வரும், பேரேடு லெட்ஜர் ஆகிவிடும். பாடமே புதிது என்று பயந்து விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பள்ளிப் புத்தகச் சொல், வலப்பக்கம் கல்லூரிச் சொல் என்று எழுதினால் இரண்டு வாரத்தில் இந்தப் பயம் தீர்ந்துவிடும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டு வழியிலும் இருக்கின்றன, இரண்டையும் அருகருகே திறந்து வைத்தால் அகராதியே தேவையில்லை. அப்புறம் 'வரவு' என்ற சொல்லிடம் ஜாக்கிரதையாக இருங்கள். வீட்டில் வரவு செலவு என்றால் வரவு என்பது வந்த பணம். கணக்குப்பதிவியலில் ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் அது பற்று, அதாவது டெபிட். ஆனால் பேங்க் பாஸ்புக்கில் நாம் போட்ட பணம் வரவு என்று நிற்கும், ஏனென்றால் அது பேங்க் எழுதும் கணக்கு, அவர்களுக்கு நாம் கடன் கொடுத்தவர்கள். இந்த ஒரு இடம் தெளிவானால், பாஸ்புக்கையும் நம் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் பாதி முடிந்தது.

அசைன்மென்ட், க்விஸ் இதையெல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளுவது அடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிமுறைப்படி ஆன்லைன் படிப்பில் தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 சதவீதம், இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70. அந்த 30-ஐ வீட்டில் உட்கார்ந்து வாங்கிவிடலாம், விட்டுவிட்டால் இறுதித் தேர்வில் மூச்சு முட்டும். போர்ட்டல் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்குத்தான் தொங்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இனி சேர்வதற்கு முன்னால் செய்யும் தவறுகள். முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் இதைப் படிக்கிற பலர் ஏற்கெனவே சேர்ந்திருப்பீர்கள் என்று பின்னால் வைத்தேன். போனில் ஒரு கவுன்சலர் பேசுவார், இனிமையாகப் பேசுவார், இன்று இரவுக்குள் பணம் கட்டினால் ஸ்காலர்ஷிப் என்பார். அவர் பல்கலைக்கழகத்தின் ஆளாக இல்லாமல், கமிஷனுக்கு வேலை பார்ப்பவராக இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டதும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் இணையதளத்தைத் திறங்கள். அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் சேரப்போகிற அதே படிப்பு, ஆன்லைன் முறையில், நீங்கள் சேரும் அதே பருவத்துக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைநிலைக்கு அனுமதி இருந்தால் ஆன்லைனுக்கும் இருக்கிறது என்று ஆகாது, இரண்டும் வேறு வேறு. படிப்பை வேறொரு நிறுவனத்திடம் ஃப்ரான்சைஸ் விட்டு நடத்தக் கூடாது என்பதும் விதி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து டிகிரி தருகிறோம் என்று சொல்லும் எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனிகள் பற்றி 2023 டிசம்பரிலேயே யுஜிசி எச்சரித்துவிட்டது.

பணம் கட்டும்போது இஎம்ஐ என்று ஒரு வார்த்தை வரும். அது பல்கலைக்கழகம் தரும் தவணையா, அல்லது உங்கள் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி போடும் கடனா என்று கேளுங்கள். என் நண்பர் ஒருவர் இரண்டாவது மாதம் படிப்பை விட்டுவிட்டார், மாதத் தவணை மட்டும் அவரை விடவில்லை. ஓடிபி சொன்னது கையெழுத்துப் போட்டதற்குச் சமம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெயர் விஷயம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி. 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து ஆன்லைன், தொலைநிலைப் படிப்பில் சேர டெப் ஐடி வேண்டும், அதற்கு முன்னால், வாங்கிய கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸின் ஏபிசி ஐடி வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கிடக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சேரும் கடைசி வாரத்தில் இதைக் கண்டுபிடித்து இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதற்குப் பதில், இரண்டு மாதம் முன்னாலேயே எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அரசு வேலை கனவு இருந்தால் இன்னொன்று. பன்னிரண்டாவது முடிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர். 2009-இல் வந்த தமிழக அரசாணைப்படி பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்கு அந்த டிகிரி செல்லும். வரிசை சரியாக இருந்தால், ஆன்லைனில் படித்தது என்பதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் டிகிரியும் நேரடி டிகிரியும் சமம் என்று யுஜிசி 2022-இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது.

மத்திய அரசின் இலவசக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஐஐஎம் பெங்களூர் பேராசிரியர்களின் மேலாண்மைப் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம், தாராளமாகப் படியுங்கள், பல கல்லூரி வீடியோக்களைவிட நன்றாக இருக்கும். ஆனால் அதை முடித்துவிட்டு, இந்தா என் கிரெடிட் என்று பல்கலைக்கழகத்திடம் போய் நிற்காதீர்கள். எந்தப் பாடத்துக்குப் பதிலாக எதை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே மெயில் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேர்வு நாளைப் பற்றிக் கொஞ்சம். சில பல்கலைக்கழகங்கள் மையத்துக்கு வரச் சொல்கின்றன, சில வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதவைக்கின்றன. வீட்டில் எழுதுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேப்பரில் வரும் 'நாளைய மின்தடை' பகுதியை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும், வைஃபையும் கூடவே போய்விடும். போனில் வேறொரு நெட்வொர்க் சிம் போட்டு ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள், மாதிரித் தேர்வை அதே லேப்டாப்பில், அதே நாற்காலியில், அதே வெளிச்சத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். எனக்குப் பின்னால் அம்மா கொடியில் துணி எடுக்க வந்ததற்கு ஸ்கிரீனில் எச்சரிக்கை வந்தது. பாவம், அவர் அதற்கப்புறம் தேர்வு முடியும்வரை அந்தப் பக்கமே வரவில்லை.

கடைசிப் பேப்பர் எழுதிய கையோடு எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட், மொத்த மதிப்பெண் பட்டியல், பட்டமளிப்பு விண்ணப்பம் இவற்றுக்குப் பல இடங்களில் தனித்தனியாக அப்ளை செய்து தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஏதாவது கம்பெனியில் ஒரிஜினல் கேட்கும்போதுதான் இது ஞாபகம் வரும், அவர்கள் தரும் அவகாசம் ஒரு வாரமாக இருக்கும், பல்கலைக்கழகம் அனுப்பும் தபால் அதைவிட மெதுவாக வரும்.