சிறு சேதத்துக்குக் காப்பீட்டில் கிளெய்ம் செய்வதா, கைக்காசில் சரிசெய்வதா?

வண்டியைப் பின்னால் எடுக்கையில் தூணில் உரசி, பம்பரில் ஒரு நீண்ட கீறலும் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஒடுக்கும் விழுந்துவிட்டால், 'இதற்காகத்தானே ஆண்டுதோறும் பணம் கட்டிவருகிறோம்' என்ற எண்ணம்தான் முதலில் வரும். எண்ணம் நியாயமானதே. ஆனால் பணிமனை எழுதித் தரும் மதிப்பீட்டுத் தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் பெரும்பாலும் கணக்குத் தப்பிவிடும். ஒப்பிட வேண்டிய தொகைகள் வேறு இரண்டு. எல்லாப் பிடித்தங்களும் போகக் காப்பீட்டு நிறுவனம் உண்மையில் எவ்வளவு தரும் என்பது ஒன்று. அதை வாங்கிக்கொள்வதால் அடுத்து வரும் ஆண்டுகளில் பிரீமியமாக எவ்வளவு கூடுதலாகக் கட்ட நேரும் என்பது மற்றொன்று.

அந்தக் கணக்கில் இறங்குவதற்கு முன், முடிவெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறொருவரின் வண்டியோ சுவரோ சேதமடைந்திருந்தாலும், யாருக்கேனும் சிறு அடி பட்டிருந்தாலும், அது உங்கள் பணத்தை மட்டும் பொறுத்த விஷயம் அல்ல. 'பரவாயில்லை, போங்கள்' என்று அந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் கழுத்து வலிக்கிறது என்று மருத்துவமனைக்குப் போகக்கூடும். காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தவறு தம்முடையது என்று ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். நல்லெண்ணத்தில் அங்கேயே பேசித் தீர்த்துக் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டவர்கள், பிறகு விவகாரம் பெரிதாகும்போது இந்த நிபந்தனையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே, கீழே சொல்லப்படுபவை யாவும் மூன்றாம் நபர் எவரும் தொடர்பில்லாத, சொந்த வண்டிக்கு மட்டும் நேர்ந்த சேதத்துக்கே பொருந்தும்.

தகவல் தெரிவிப்பதும் கிளெய்ம் செய்வதும் ஒன்றல்ல என்பதும் இங்கே முக்கியம். சிங்கப்பூரில் விபத்து எவ்வளவு சிறியதானாலும், கண்ணுக்குத் தெரியும் சேதமே இல்லாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். பிரிட்டனில் எழுதப்படும் ஒப்பந்தங்கள் பலவும், பணம் கேட்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் நடந்ததைச் சொல்லும்படி கேட்கின்றன. இந்திய வாகனக் காப்பீட்டு ஒப்பந்தமும் விபத்து நடந்தவுடன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எனவே ஒப்பந்தத்தை எடுத்து அதில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டு, தெரிவிக்க வேண்டியது கட்டாயமானால் 'தகவலுக்காக மட்டும்' என்று தெளிவாகக் குறிப்பிட்டுத் தெரிவித்துவிடலாம். யோசித்துக்கொண்டே மூன்று வாரம் கடத்திவிட்டுப் பிறகு கிளெய்ம் செய்யப் போனால், தாமதத்துக்கு விளக்கம் சொல்வதே தனி வேலையாகிவிடும்.

அடுத்து, சேதம் உண்மையிலேயே சிறியதுதானா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரிடம் ஒரு குணம் உண்டு: இடி வாங்கும்போது உள்ளே மடங்கி, பிறகு பழைய வடிவத்துக்கே மீண்டுவிடும். வெளியே தெரிவது பெயிண்ட் கீறல் மட்டுமே. உள்ளே அதைத் தாங்கும் பிராக்கெட் உடைந்திருக்கலாம், கிளிப்புகள் தெறித்திருக்கலாம். என் வண்டியில் அப்படித்தான் ஆயிற்று. பாலிஷ் போட்டால் போதும் என்று நினைத்துக் கொண்டுபோன இடத்தில், பணிமனைக்காரர் குந்தி உட்கார்ந்து, பம்பருக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் இடையே இருக்கும் கோட்டில் விரலை வைத்து இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் விரல் நகம்கூட நுழையவில்லை; மறு பக்கம் சுண்டுவிரல் நுனியே உள்ளே போயிற்று. பம்பரைக் கழற்றியபோது பிராக்கெட் இரண்டாகப் பிளந்திருந்தது. இந்தச் சோதனையை எவரும் செய்து பார்க்கலாம்: இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, விளக்கு தன் இடத்தில் ஆடாமல் நிற்கிறதா, டிக்கியோ கதவோ முன்போலவே மூடுகிறதா, வண்டிக்கடியில் ஏதும் சொட்டுகிறதா, ஓட்டும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறதா. பம்பருக்குள் பார்க்கிங் சென்சாரோ ரேடாரோ உள்ள வண்டியானால், அவை சரியாக வேலை செய்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அவற்றைத் திரும்பச் சீரமைக்கும் செலவு பெயிண்ட் செலவைத் தாண்டிவிடுவது உண்டு.

மதிப்பீட்டை இரண்டு இடங்களிலாவது எழுதி வாங்க வேண்டும். ஒன்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையமாகவும் மற்றொன்று வெளியில் உள்ள நல்ல பணிமனையாகவும் இருப்பது நல்லது. முன்னது பெரும்பாலும் பாகத்தையே மாற்றச் சொல்லும். பின்னது பழுது பார்த்துத் தரப் பார்க்கும். தகட்டில் பெயிண்ட் உடையாமல் ஒடுக்கு மட்டும் விழுந்திருந்தால், உட்புறத்திலிருந்து கம்பி கொண்டு மெல்ல நெம்பி, பெயிண்ட் அடிக்காமலே சமன்படுத்தும் முறை இருக்கிறது. செலவு குறைவு, நிறம் மாறுபடும் தொல்லையும் இல்லை. 'கிளெய்முக்கு ஒரு விலை, கைக்காசுக்கு ஒரு விலை' என்று இரண்டு மதிப்பீடுகள் தரும் இடங்களும் உண்டு. கைக்காசு விலையைத் தனியாகக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம், ஏனெனில் கிளெய்ம் செய்யாவிட்டால் உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவு அந்த விலைதான்.

இனி, நிறுவனம் தரும் தொகை. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் பகுதியை வாகன உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். பிரீமியத்தைக் குறைப்பதற்காகத் தாமாகவே கூடுதல் பங்கை ஏற்க ஒப்புக்கொண்டவர்கள், அதைப் பிற்பாடு மறந்தே போயிருப்பார்கள். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் தேய்மானப் பிடித்தம், அதாவது பாகம் பழையதாகிவிட்டது என்பதற்காகக் கழிக்கும் தொகை, வருகிறது. இந்திய ஒப்பந்தத்தில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம் கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோகப் பாகங்களுக்கு முதல் ஆறு மாதம் எதுவும் இல்லாமல் தொடங்கி, வண்டி 10 ஆண்டைத் தாண்டும்போது 50 சதவீதம் வரை ஏறும். பெயிண்டிங் செலவில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள்.

எடுத்துக்காட்டாக, மொத்த மதிப்பீடு 100 என்றும், அதில் புதிய பம்பர் 60, பெயிண்டிங் 25, கூலி 15 என்றும் வைத்துக்கொள்வோம். பம்பரில் 30 போய்விடும்; பெயிண்டிங்கில் 3 அளவுக்குப் போகும்; கூலி முழுதாகக் கிடைக்கும். ஆக 67 மிஞ்சுகிறது. உரிமையாளர் ஏற்க வேண்டிய முதல் பங்கை இதிலிருந்து கழித்த பிறகு எஞ்சுவதுதான் நிறுவனம் தரும் தொகை. தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பை எடுத்திருந்தால் இந்த இழப்பு பெரும்பாலும் இருக்காது. ஆனால் அத்தகைய காப்பை ஓர் ஆண்டில் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு கீறலுக்காக அதில் ஒன்றைச் செலவழிக்க வேண்டுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

தராசின் மறு தட்டில் இருப்பது, கிளெய்ம் செய்யாதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி. இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள், ஏனெனில் இழப்பு ஓர் ஆண்டோடு முடிவதில்லை. இந்தியாவில் இது 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற பெயரில் முதல் ஆண்டு கிளெய்ம் இல்லாவிட்டால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். சொந்தச் சேதத்துக்கு ஒரே ஒரு கிளெய்ம் செய்தாலும் சுழியத்துக்கு இறங்கிவிடும். ஐந்து ஆண்டுகள் காத்து 50 சதவீதத்தை எட்டியவர் கிளெய்ம் செய்தால், தள்ளுபடி அடுத்த புதுப்பித்தலில் 0, அதற்கடுத்து 20, 25, 35, 45 என்று மீண்டும் ஏறி, ஆறாவது புதுப்பித்தலில்தான் பழைய நிலைக்கு வரும். விட்டுப்போன சதவீதங்களைக் கூட்டினால், 50, 30, 25, 15, 5 ஆக மொத்தம் 125. அதாவது தள்ளுபடி கழிக்காத ஓர் ஆண்டு பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கை அவர் இழக்கிறார். காப்பீடு எடுத்த முதல் ஆண்டிலேயே கிளெய்ம் செய்பவருக்கோ, இதே முறையில் கூட்டினால் 20, 5, 10, 10, 5 என்று மொத்தம் 50 தான் வருகிறது. ஒரே கீறல், ஒரே பில். ஆனால் இருவருக்கும் விடை வேறு.

இந்தத் தள்ளுபடி சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டுமே உரியது. பிறருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுப் பகுதியைச் சேர்த்துக் கணக்கிட்டால் இழப்பு பெரிதாகத் தோன்றிவிடும். வண்டி பழையதாக ஆக அதன் காப்பீட்டு மதிப்பும் அதனோடு பிரீமியமும் பொதுவாகக் குறைந்துகொண்டே வருவதால், மேலே சொன்ன 125 நடைமுறையில் சற்றுக் குறைவாகவே இருக்கும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. போனஸ் வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய வண்டியை விற்றுப் புதிதாக வாங்கும்போது அது அவருடனே செல்லும். புதிய வண்டியின் பிரீமியம் அதிகம் என்பதால் அங்கே அந்த 50 சதவீதத்தின் மதிப்பும் அதிகம். ஆகவே அடுத்த ஆண்டு வண்டியை மாற்றும் எண்ணம் உள்ளவர், விற்கப்போகும் வண்டியின் கீறலுக்காக அதை விட்டுக்கொடுப்பதைவிட, கைக்காசில் முடித்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

எல்லா நாடுகளிலும் ஒரே அடியாகச் சுழியத்துக்கு இறக்கிவிடுவதில்லை. சிங்கப்பூரில் 50 சதவீதத் தள்ளுபடி உள்ள தனியார் கார் உரிமையாளர் ஒரு கிளெய்ம் செய்தால் 20 சதவீதத்துக்கு இறங்குவார். ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் மீண்டும் ஏறுவார். மொத்த இழப்பு 30, 20, 10 ஆக 60 தான். பிரான்ஸில் தள்ளுபடிக்குப் பதிலாக ஒரு பெருக்கல் எண் இருக்கிறது: விபத்தில்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் பிரீமியம் 0.95 ஆல் பெருக்கப்படும். முழுத் தவறும் ஓட்டுநருடையதாக இருக்கும் விபத்துக்கு 1.25 ஆல் பெருக்கப்படும். எந்த நாட்டில் இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே: தம்முடைய படிநிலையை ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதி, கிளெய்ம் செய்தால் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு, செய்யாவிட்டால் எவ்வளவு என்று கழித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். நிறுவனம் தரும் தொகை இந்தக் கூட்டுத்தொகையைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் மட்டுமே கிளெய்ம் செய்வதில் லாபம். இரண்டும் ஏறத்தாழச் சமமாக வந்தால், நான் கைக்காசில்தான் சரிசெய்வேன்; ஏனெனில் அதே ஆண்டில் பெரிய விபத்து ஒன்று நேர்ந்தால், அது இரண்டாவது கிளெய்மாகிப் பிரீமியத்தை மேலும் உயர்த்திவிடக்கூடும்.

இதிலிருந்தே இன்னொன்றும் பெறப்படுகிறது. ஒரு கிளெய்மிலேயே முழுத் தள்ளுபடியும் போய்விடும் முறையில், அந்த ஆண்டு ஏற்கெனவே கிளெய்ம் செய்துவிட்டவருக்கு இரண்டாவது சிறு கிளெய்மால் போவதற்குத் தள்ளுபடி ஏதும் மிச்சமில்லை. பிரீமியம் உயரும் வாய்ப்பை மட்டும் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் இதை வைத்து, நாலைந்து மாதத்துக் கீறல்களைச் சேர்த்து ஒரே விபத்தாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கக் கூடாது. அது பொய்யான தகவல். பழைய கீறலில் அழுக்கு ஏறியிருக்கும், துரு பிடித்திருக்கும், உரசல் வேறு திசையில் ஓடும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கு இவையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். மொத்தக் கிளெய்மும் மறுக்கப்படலாம்.

சேதம் சிறியதாகத் தோன்றினாலும் கிளெய்ம் பக்கமே சாயும் சில நிலைமைகளும் இருக்கின்றன. தவறு எதிர்த் தரப்பினுடையது என்றால், முதலில் அவருடைய காப்பீட்டிலிருந்து பெற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால், அதற்குத் தேய்மானம் இல்லாமலோ தள்ளுபடியைப் பாதிக்காத தனிப் பிரிவிலோ பணம் கிடைக்கக்கூடும். எல்இடி விளக்கு முழுத் தொகுதியாக மாற்ற வேண்டியிருந்தாலோ, ரேடியேட்டரில் கசிவு இருந்தாலோ, அது சிறு சேதம் என்ற கணக்கிலேயே சேராது.

கைக்காசில் முடிப்பது என்று தீர்மானித்தவர்கள், சேதத்தைப் புகைப்படம் எடுத்து வைத்து, பழுது பார்த்து, பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். சரிசெய்யாமல் விட்ட ஒடுக்கு, பின்னொரு விபத்தில் 'முன்பே இருந்த சேதம்' என்று கழிக்கப்படும். நிறுவனத்துக்கு ஏற்கெனவே கிளெய்ம் கொடுத்துவிட்டு மனம் மாறியவர்கள், பணம் பட்டுவாடா ஆவதற்கு முன் அதைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டு, 'தொகை எதுவும் வழங்கப்படாமல் முடிக்கப்பட்டது' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்காவிட்டால், பதிவேட்டில் அந்தக் கிளெய்ம் திறந்தபடியே கிடந்து, அடுத்த புதுப்பித்தல் அறிவிப்பில் போனஸ் கட்டத்தில் சுழியம் வந்து நிற்கலாம். அந்த அறிவிப்பு வந்தவுடன் பணம் கட்டுவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் அதுதான்.