குட்டிப் பிள்ளைகளோடு 'டாய் ஸ்டோரி ஆஃப் டெரர்' பார்க்கப் போகிறீர்களா?

2013-இல் ஹாலோவீனுக்காக, 'டாய் ஸ்டோரி' படங்களில் வரும் உயிருள்ள பொம்மைகளை வைத்து பிக்சார் அனிமேஷன் நிறுவனம் எடுத்த குறும்படம் இது. ஓடுவது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு அதுவே போதும், பயந்துவிடுவார்கள். இரவில் ஒரு மோட்டல், பொம்மைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, யார் தூக்கிப் போகிறார்கள் என்று தெரியாது.

முதலில் 'டாய் ஸ்டோரி 2' காட்டிவிடுங்கள். இந்தக் குறும்படத்தில் முக்கியப் பாத்திரம் வழக்கமான நாயகன் கவ்பாய் பொம்மை வுடி இல்லை, கவ்கேர்ள் பொம்மை ஜெஸ்ஸி. வெகுகாலம் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தவள் அவள். அது தெரிந்தால்தான் மூடிய பெட்டியைக் கண்டதும் அவள் ஏன் அப்படி நடுங்குகிறாள் என்று பிள்ளைகளுக்குப் புரியும். மூன்றாம் பாகமும் பார்த்திருந்தால், இந்தப் பொம்மைகள் எப்படி பானி என்ற சிறுமியிடம் வந்தன என்ற கேள்வி வராது.

ரொம்பப் பயப்படும் பிள்ளையா? தூக்கிப் போவது ஓர் உடும்பு மாதிரியான பெரிய பல்லிதான், பேய் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். மர்மம் கெட்டுப்போகும், சரி, கெட்டால் கெடட்டும். இரவில் நிம்மதியாகத் தூங்குவார்கள். விளக்கை அணைக்காதீர்கள், ஒலியைக் குறைத்து வையுங்கள். பயமுறுத்துவதில் பாதி வேலையைப் பின்னணி இசைதான் செய்கிறது. அப்புறம், பேய்ப்பட இலக்கணம் பேசும் முள்ளெலி பொம்மை வரும்போது நீங்களும் சத்தமாகச் சிரியுங்கள். பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள்.