தவக்காலம்: விட்டேன் என்கிறோம், விரலை மட்டும் எடுப்பதில்லை

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் 40 நாள்தான் தவக்காலம். அது தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்கினாலே ‘இந்த வருஷம் எதை விடப்போறீங்க?’ என்ற பேச்சு கிளம்பிவிடும். இனிப்பு, இறைச்சி, சீரியல். முதல் சறுக்கல் இங்கேதான். விட எளிதானதை நாமே பொறுக்கி எடுக்கிறோம். ஈஸ்டரன்று அது திரும்பக் கைக்கு வரும் என்பதும் தெரியும். கெடு வைத்த துறவு! (தவக்காலத்தைக் காலண்டரில் எண்ணினால் 46 நாள் வரும், ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40.)

விவிலியத்தில் வரும் ஆபிராமுக்கு (பின்னாளில் ஆபிரகாம்) அந்தக் கெடு கிடைக்கவில்லை. 75 வயதில் நாட்டையும் இனத்தையும் தந்தை வீட்டையும் விட்டுக் கிளம்பச் சொன்ன கடவுள், போகிற ஊரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நாமோ வழி முழுக்கத் தெரிந்தபின் கிளம்பலாம் என்று வாசலிலேயே நிற்கிறோம்.

அடுத்தது, கடவுளை நம்பிக்கொண்டே கையிருப்பு வைப்பது. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலருக்குப் பாலைநிலத்தில் கடவுள் தந்த உணவான மன்னா அன்றன்றைக்கு மட்டும், ஆளுக்கு ஓர் ஓமர் என்ற அளவு. மறுநாளுக்கு மிச்சம் வைக்காதீர்கள் என்றார் அவர்களை வழிநடத்திய மோசே. சிலர் வைத்தார்கள், விடிந்தபோது புழு வைத்து நாறியது. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகுட்டிகளோடு வெட்டவெளியில் நிற்பவர் ஒரு கைப்பிடி ஒளித்துவைக்கத்தான் செய்வார். ஆனால் ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரட்டிப்பாக எடுத்துவைத்தது கெடவில்லை என்றும் விவிலியத்தின் அதே அதிகாரம் சொல்கிறது. சேமித்தது குற்றமல்ல, ‘நாளைக்குத் தருவாரோ மாட்டாரோ’ என்று சேமித்ததுதான் புழுத்தது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: மாத்திரையை நிறுத்திவிட்டு ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்பது. இயேசுவைக் கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சாத்தானும் விவிலியத்தின் திருப்பாடலைத்தான் மேற்கோள் காட்டினான். கடவுளைச் சோதிக்காதே என்பதே இயேசுவின் பதில். கத்தோலிக்கத் திருச்சபையே நோன்பைக் கட்டாயமாக்கியிருப்பது 18 முதல் 59 வயதுவரை, அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டே நாள். நோயாளிகளுக்கு அதுவும் இல்லை.

பத்தாம் நாள் தவறிவிட்டால் ‘போச்சு, அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று மொத்தத்தையும் கைவிடுகிறவர்கள் ஏராளம். ஆபிராமும் தவறினார். பஞ்சம் வந்ததும் எகிப்துக்குப் போய், உயிருக்குப் பயந்து மனைவியைத் தங்கை என்றார். அங்கிருந்து அனுப்பப்பட்டபின், பெத்தேல் என்ற ஊருக்குப் பக்கத்தில் முன்பு கூடாரம் போட்ட இடத்துக்கே வந்தார். தான் கட்டிய பழைய பீடம் அங்கே இருந்தது. அதன் முன் நின்று மறுபடி ஆண்டவரைப் பெயர் சொல்லித் தொழுதார்.