பத்து மணிக்கு முன்னால் எரிமலை

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் எரிமலையைப் பார்க்க நான் முதன்முறை போனபோது, வண்டி நிறுத்துமிடத்தை அடைந்த நேரம் காலை 10:40. எதிரே ஒரு வெள்ளைச் சுவர். இட்லிப் பானையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி, ஆனால் எலும்பைக் குடையும் குளிரோடு. அக்கா அந்த வெள்ளையைப் பார்த்துக் கையை நீட்டி, "எரிமலை அங்கதான்டி இருக்கு" என்றாள். அரை மணி நேரம் நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினோம்.

அக்கா வீடு தெற்குக் கடற்கரையில், சேன்-பியேரில். புதுச்சேரியிலிருந்து மாமாவுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்துப் போன குடும்பம். அங்கே நான் மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டாவது முறைதான் மலை கண்ணுக்குக் கிடைத்தது. எனக்கு வயது 58, இடது முழங்கால் சொன்ன பேச்சு கேட்காது. என்னாலேயே முடிந்தது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் மேகத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தீவு சின்னது, 2,512 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் பித்தோன் தே நேழ் சிகரம் 3,070 மீட்டர், தென்கிழக்கில் இன்னமும் உயிரோடிருக்கும் பித்தோன் த லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர். சுற்றிலும் வெதுவெதுப்பான இந்தியப் பெருங்கடல். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும், கடல் காற்று ஈரத்தோடு சரிவில் மேலே ஏறும், ஏறிக் குளிர்ந்து மேகமாகும். ஒன்பது, பத்து மணிக்குள் மலை மூடிக்கொள்ளும். பெரும்பாலான நாட்களில் இதுதான் கதை. ஆகவே இந்தத் தீவில் தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள், மணியைக் கணக்குப் போடுங்கள்.

மழையும் லேசுப்பட்டதல்ல. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது இங்கே 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலக சாதனை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். மே முதல் அக்டோபருக்குள் போங்கள். நான் போனது ஆகஸ்டில்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். ரெயூனியன் பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய விசா இங்கே செல்லும் என்று நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே ரெயூனியன் என்று சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, வண்டி. எரிமலைக்குப் பேருந்து கிடையாது. வாடகைக் கார்தான், சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். எங்களுக்கு மாமா ஓட்டினார், நான் பின் சீட்டில் கந்த சஷ்டி கவசம் சொன்னேன்.

அடுத்து, எரிமலை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேடிக்கையாக இருக்கும், ஆனால் நிஜமாகவே அதற்கு ஒரு கதவு உண்டு. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் இது ஒன்று. பூர்-முரா ஊரில் உள்ள ஆய்வகம் நிலத்தின் அசைவை இரவும் பகலும் கவனிக்கிறது. நிலம் கொஞ்சம் அதிகமாக நடுங்கினாலே எச்சரிக்கை வரும், கீழே இறங்கும் பாதையின் இரும்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள். முந்தின நாள் மாலையே அறிவிப்பைப் பாருங்கள். பூட்டியிருந்தாலும் மேலே, வண்டிச் சாலை முடியும் பா த பெல்கோம்ப் என்ற பள்ளத்து விளிம்பிலிருந்து பார்க்கலாம். கதவைத் தாண்டிக் குதிப்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ரகம் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

சேன்-பியேரிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். ஆகஸ்டில் அங்கே ஆறே முக்காலுக்குத்தான் விடியும். நாங்கள் மூன்றரைக்கு எழுந்து நாலேகாலுக்குக் கிளம்பினோம். இங்கே எனக்குக் கிடைத்த ஒரு சூட்சுமம்: தீவின் கடிகாரம் நம்மூரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மூன்றரை என்றால் புதுச்சேரியில் ஐந்து மணி. வந்த இரண்டு, மூன்று நாளுக்குள் இந்த நடையை வைத்துக்கொண்டால் உடம்பு தானாக எழுந்துவிடும். ஒரு வாரம் கழித்து வைத்தால் அலாரத்தோடு சண்டைதான். எழவே முடியாதவர்கள் முந்தின இரவு பூர்-முராவிலோ, எரிமலை அருகில் உள்ள தங்குமிடத்திலோ படுத்துக்கொள்ளலாம்.

பூர்-முராவைத் தாண்டினால் புல்வெளி, மாடுகள், பிறகு புதர், பிறகு ஒன்றுமே இல்லை. ஒரு வளைவில் பிளேன் தே சாப்ல் திறக்கும். செம்மண்ணும் கரிச்சாம்பலும் கலந்த வெற்றுச் சமவெளி. பைக்குள் இருக்கும் கேமராவை எடுக்க வண்டியை நிறுத்தத் தோன்றும். திரும்பும்போது நிறுத்துங்கள். இப்போது நேரம் முக்கியம்.

பா த பெல்கோம்ப் 2,311 மீட்டர் உயரம். விடியலில் குளிர் சுழியம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். வெப்பமண்டலத் தீவு என்று பருத்திச் சேலையோடு இறங்கிய ஒரு அம்மாவை அங்கே பார்த்தேன், பாவம், காரை விட்டு வெளியே வரவே இல்லை. அடுக்கடுக்காக உடுத்துங்கள்: பனியன், கம்பளி, மேலே மழைக்கோட்டு. எட்டு மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். ஒன்பதுக்குத் தோல் உரியும் வெயில், தொப்பி இல்லாமல் முடியாது. பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும்.

காலணிதான் எல்லாவற்றிலும் முக்கியம். இங்கே எரிமலைக் குழம்பு இரண்டு விதமாக உறைந்திருக்கிறது. ஒன்று கயிறு திரித்த மாதிரி வழவழப்பானது. அதில் நடப்பது சுகம். மற்றது உடைந்த கண்ணாடிக் குவியல் மாதிரி. அதை அங்கே கிராத்தோன் என்கிறார்கள், வறுத்த பன்றித் தோலுக்கு வைத்த பேர். அதில் விழுந்து கை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள், கையில் ஒரு தடியும் இருக்கட்டும்.

கதவுக்கு அப்புறம் பாறைச் சுவரில் ஐநூறுக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்கும். இறங்கும்போது எல்லோரும் பாட்டுப் பாடுவார்கள். திரும்பி வரும்போது, ஐந்தாறு மணி நேரம் நடந்த காலோடு, அதே படிகளை ஏற வேண்டும். என் முழங்காலுக்கு இது முன்னமே தெரிந்திருந்தது. எனவே பாதித் தெம்பைத் திரும்பி வரும் வழிக்கு மிச்சம் வையுங்கள்.

கீழே இறங்கியதும் ஃபோர்மிக்கா லேயோ, 1753-இல் பிறந்த சின்னச் செந்நிறக் கூம்பு. முழங்கால் வலிப்பவர்கள், குழந்தைகள் எல்லாம் இதுவரை வந்து திரும்பினாலே போதும். அதில் வெட்கம் இல்லை. மேலே போகிறவர்களுக்குப் பாறையில் அடித்த வெள்ளைச் சுண்ணப் புள்ளிகள்தான் வழி. மரமில்லை, வீடில்லை, எல்லாத் திசையும் ஒரே கறுப்பு. ஒரு புள்ளியில் நின்றால் அடுத்த புள்ளி கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால், மேகம் வந்துவிட்டது என்றால், நின்ற இடத்திலேயே நில்லுங்கள். "கொஞ்சம் முன்னால போய்ப் பார்க்கலாம்" என்று நகர்ந்தவர்களைத்தான் ஹெலிகாப்டர் தேடுகிறது.

டெக்-டெக் என்று கத்திக்கொண்டு ஒரு சின்னக் குருவி கூடவே வரும். பேரும் அதுதான், டெக்-டெக். உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, மனிதனைக் கண்டால் பயமே இல்லை. தீனி போடாதீர்கள்.

எட்டே முக்காலுக்கு தொலொமியூ எரிமலைவாயின் விளிம்பை அடைந்தோம். 2007 ஏப்ரலில் பெரிய வெடிப்பு நடந்தபோது, இதன் தரை சில நாட்களில் முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. அடியிலிருந்த குழம்பு பக்கவாட்டில் வெளியேறியதும் மேல்தளத்தைத் தாங்க ஆளில்லை. விளிம்பு இன்னும் உதிர்கிறது. கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். மாமா எதுவுமே பேசவில்லை, அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அங்கே உட்கார்ந்துதான் காலைச் சாப்பாடு. நீள ரொட்டியைப் பிளந்து உள்ளே பொன்போன் பிமான் வைத்துத் தந்திருந்தாள் அக்கா. பருப்பும் மிளகாயும் அரைத்துப் பொரித்தது. பேர்தான் பிரெஞ்சு, தின்றால் நம்ம வடை. ஒன்பதேகாலுக்குக் கிழக்கிலிருந்து முதல் மேகம் கையை நீட்டியது. உடனே எழுந்துவிட்டோம்.

இந்தத் தீவு எங்கிருந்து வந்தது என்று மாமா இறங்கும்போது சொன்னார். பூமியின் ஆழத்திலிருந்து குழம்பை மேலே தள்ளும் இடத்துக்குச் சூட்டுப்புள்ளி என்று பேர். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் குழம்பைக் கொட்டிய அதே சூட்டுப்புள்ளிதான் இதற்கும் தாய். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர, அந்தப் புள்ளி லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் அடிக்கல் போட்டு, மொரீசியஸை எழுப்பி, இப்போது இங்கே நிற்கிறது. மும்பையிலிருந்து புனே போகும் ரயிலில் கண்டாலா அருகே பார்த்த கறுப்புப் பாறை இதற்கு அக்கா முறை.

பிற்பகலில் மலையில் வேலை இல்லை. கடற்கரைக்கு இறங்கி, சேன்-பிலிப்பிலிருந்து கிழக்கே போகும் சாலையில் செல்லுங்கள், மழை பெய்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு குழம்பு ஓட்டத்துக்கும் பக்கத்தில் ஆண்டு எழுதிய பலகை நிற்கும். பழையதில் பெரணியும் மரமும், புதியதில் சாம்பல் நிறப் பாசி மட்டும். 2007 ஓட்டம் சாலையையே விழுங்கிக் கடலில் விழுந்தது. இன்னும் வடக்கே பித்தோன் சேன்ட்-ரோஸில், 1977-இல் மாதா கோயில் வாசல்வரை வந்து நின்ற குழம்பு அப்படியே உறைந்து கிடக்கிறது. சேன்-பிலிப் பக்கம் வெனிலாத் தோட்டமும் உண்டு. அந்தப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியை 1841-இல் இந்தத் தீவில் கண்டுபிடித்தவன் எட்மோன் அல்பியூஸ். அடிமையாகப் பிறந்த 12 வயதுப் பையன்.

கடலில் இறங்க ஆசை என்றால் மேற்குக் கரையில் பவளத்திட்டு காக்கும் லெர்மிட்டாஜ் போன்ற இடங்களில் மட்டும். வெளியே சுறா உண்டு. 2013 முதல் அங்கே நீந்தத் தடை இருக்கிறது.

மிச்சம் நாட்களுக்கும் அதே கடிகாரம்தான். மாயிதோ முனையிலிருந்து மஃபாத் பள்ளத்தாக்கைப் பார்க்க ஏழு மணிக்கு அங்கே இருங்கள். மஃபாதுக்குச் சாலையே கிடையாது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்த இடம், இன்றும் நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். சிலாவோஸ் போகும் சாலையில் நானூறு வளைவு என்பார்கள். எலுமிச்சம்பழம் கைவசம் இருக்கட்டும். சலாசி பள்ளத்தாக்கில் வேலி, பந்தல், மின்கம்பி எல்லாவற்றிலும் ஒரு கொடி. ஷூஷூ என்றார்கள். காயைப் பார்த்தேன். நம்ம சௌசௌ.

சனிக்கிழமை ஊரில் இருந்தால் சேன்-பியேர் கடற்கரைச் சந்தையைத் தவற விடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களில் பலர் தமிழர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது, ஆனால் சந்தையில் முருங்கைக் கீரைக்கு மூருங் என்றும் கறிவேப்பிலைக்குக் கலுப்பிலே என்றும் பேர். கடைக்கார அம்மாவிடம் நான் "கறிவேப்பிலை" என்று நிறுத்திச் சொன்னேன். அவர் சிரித்து, "கலுப்பிலே" என்று என்னைத் திருத்திவிட்டு, கொசுறாக ஒரு கொத்து போட்டார். நண்பகல் ஆனால் சந்தையும் கலைந்துவிடும். அதற்கும் காலையிலேயே போங்கள்.